மன்னாரில் வாங்கிய ஆரஞ்சுக் குடை

மன்னாருக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஒரு பாராசூட் வாங்க. இரண்டாம் தடவை, அதை வாங்கும்போது சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்க. "சிலோனுக்குப் போறவங்க தேயிலை வாங்கிட்டு வருவாங்க, நீ என்னடான்னா" என்று திருச்சியில் என் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அவள் பேச்சைக் கேட்டுத் தேயிலையோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் வளைகுடா நாடு ஒன்றில் கணக்கு டீச்சர். நாற்பத்திரண்டு வயதில் விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்டவர்களுக்கே இன்னும் பதில் சொல்லி முடியவில்லை. முப்பத்தொரு முறை குதித்து, தனியாகக் குதிக்கலாம் என்ற சான்றிதழும் வாங்கியாயிற்று. அதுவரை, குதித்து இறங்குகிற மைதானத்தின் வாடகைப் பாராசூட்டில் ஓட்டினேன். இனி சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

பாராசூட் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது இரண்டு மூன்று சாமான். முதுகில் மாட்டும் பை ஒன்று. அதற்குள் மடிந்து கிடந்து, இழுத்தவுடன் தலைக்கு மேல் விரிகிற துணி ஒன்று. அந்தத் துணியை நான் குடை என்றே சொல்லப்போகிறேன். குடையைச் சதுர அடியில் அளப்பார்கள். பெரிய குடை மெதுவாக இறக்கும், நம் தப்பையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். சின்னக் குடை வேகமாகப் பாயும், எதையும் பொறுக்காது. புதியவர்கள் பெரியதைத்தான் வாங்க வேண்டும். இதில் கணக்கு டீச்சருக்கு விளங்காதது ஒன்றுமில்லை.

விளங்காமல் இல்லை, பிடிக்கவில்லை. எங்கள் மைதானத்தில் பெரிய குடையில் அசைந்து அசைந்து வருகிறவர்களைப் பார்த்து, "பஸ் வருகிறது, வழிவிடுங்கள்" என்று சிரிப்பார்கள். சின்னக் குடைக்காரர்கள் சர்ரென்று தரையை உரசி வந்து நிற்பார்கள், எல்லாரும் கை தட்டுவார்கள். எனக்கும் கைதட்டல் வேண்டியிருந்தது. போதாததற்கு, யாரோ விற்ற அழகான சின்னப் பை ஒன்றை முதலிலேயே வாங்கிவிட்டேன். புடவை எடுப்பதற்கு முன் ரவிக்கை தைத்த கதைதான். அந்தப் பைக்குள் பெரிய குடை போகாது என்று பிறகுதான் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் ரிஸ்வானைப் பற்றிச் சொன்னார்கள். அவன் எங்கள் மைதானத்தில் ஒன்பது வருடம் குடை மடித்தவன். குதிப்பவர்கள் கீழே இறங்கியதும் குடையை அள்ளி அவனிடம் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார்களாம், திரும்பி வருவதற்குள் மடித்துப் பையில் வைத்திருப்பானாம். நான் சேர்வதற்கு முன்பே ஊரோடு போய்விட்டான். ஆனாலும் குடை கிழிந்தால், கயிறு தேய்ந்தால், பார்சல் கட்டி மன்னாருக்குத்தான் அனுப்பினார்கள். "ரிஸ்வான் பார்த்தால் சரி" என்பது அங்கே ஒரு வழக்கு. அவனிடம் பழைய குடை இரண்டு விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, டிசம்பர் விடுமுறையில் கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்த அன்று மன்னாரில் மழை. தீவுக்குள் நுழைகிற பாலம் முடிந்ததும் ஓர் ஓட்டோ பிடித்தேன். ஓட்டியவர் பெயர் சூசை, கீரி என்கிற கடற்கரை ஊர்க்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. பத்து நிமிடம் ஓடியிருக்காது, வண்டி நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் நடுரோட்டில் ஐந்து கழுதை. மழையில் நனைந்தபடி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றன.

"ஹார்ன் அடிங்களேன்" என்றேன்.

"அடிச்சு என்ன செய்ய? அதுகளுக்கு மனசு வந்தாத்தான் போகும்" என்றவர், என் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். "நீங்கள் திருச்சிப் பக்கமோ?"

அட, எப்படித் தெரியும் என்றால், அவர் அங்கே அகதி முகாமில் இருபது வருடம் இருந்தவர். திருச்சியில் எந்தத் தியேட்டர் இடித்தாயிற்று, எந்தக் கடைப் பரோட்டா முன்போல் இல்லை என்று கழுதைகள் நகரும் வரை என்னைக் குடைந்தெடுத்தார். எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. "என்ன, ஊருக்கே போறதில்லையோ?" என்று கடிந்துகொண்டார். தங்குமிடத்தில் இறக்கிவிட்டபோது காலையில் தானே வருவதாகவும் சொல்லிவிட்டார்.

தங்கிய வீட்டில் இடியப்பம், சொதி, கணவாய்க் கறி. எங்கள் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றி நோயாளிச் சாப்பாடு ஆக்கிவிடுவோம். இங்கே கணவாய் கறுப்பாக, மிளகாய்த்தூள் காட்டமாக, கண்ணில் தண்ணீர் வர வைத்தது. மூன்றாம் முறை கறி கேட்டபோது வீட்டுக்கார அம்மா சட்டியையே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மறுநாள் ரிஸ்வானின் ஊரான எருக்கலம்பிட்டிக்குப் போகிற வழியில் ஓட்டோ வெள்ளத்தில் இறங்கி இருமிவிட்டு நின்றது. சூசை இறங்கித் தள்ள, நானும் இறங்கித் தள்ள, என் அருமைப் பாராசூட் பை நனையாமல் தலையில் இருந்தது. ரிஸ்வான் வீட்டு வாசலுக்கு முழங்கால்வரை சேற்றோடு, தலையில் சுமையோடு போய் நின்றேன்.

"வாங்கோ ரீச்சர்" என்றான். டீச்சர் அங்கே ரீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள், கழுத்தில் அளவு நாடா. தொண்ணூறில், போரின் நடுவே தீவு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையாகப் போனவன், புத்தளத்தில் வளர்ந்து, வளைகுடாவில் உழைத்து, இப்போது வாப்பாவின் காணியில் வீடு கட்டித் திரும்பியிருக்கிறான். வீட்டுக்குப் பக்கத்தில் நீளமான தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு தையல் மிஷின். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடல்மேல் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் தலைமன்னார்ப் பக்கம் வருவார்கள், அவர்களின் கிழிந்த பட்டங்கள் ஒரு மூலையில் கிடந்தன. இன்னொரு மூலையில் பார்சல் பார்சலாகப் பாராசூட்டுகள். ஒவ்வொன்றிலும் எனக்குத் தெரிந்த யாராவது ஒருவரின் பெயர் எழுதியிருந்தது.

"நீங்க எத்தனை தடவை குதிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நானோ? ஒருநாளும் இல்லை." சிரித்தான். "உம்மாட்டச் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டுத்தான் பிளேன் ஏறினனான். நான் கீழதான். ஆனா எல்லாரையும் கீழ இருந்து பாத்திருக்கிறன்."

இரண்டு குடையையும் கொட்டகைத் தரையில் விரித்தான். ஒன்று நீலம், நூற்றுத்தொண்ணூறு சதுர அடி. வெளுத்துப்போய், பள்ளிக்கூட யூனிபாரம் மாதிரி இருந்தது. மற்றது நூற்றைம்பது. சுத்தமான ஆரஞ்சு, நடுவில் வெள்ளைக் கோடு. கையால் தொட்டதும் மொரமொரவென்று சத்தம் போட்டது. எனக்கு அதற்குப் பிறகு நீலம் கண்ணில் படவே இல்லை. துணிக்கடையில் ஒரு புடவையைப் பார்த்த பிறகு கடைக்காரர் எடுத்துப் போடுகிற மற்றதெல்லாம் எப்படியோ, அப்படி.

ரிஸ்வான் நீலத்தில் காற்று நிறைகிற ஒவ்வொரு அறையாகக் கையை விட்டு, கயிறு கயிறாகத் தடவி, தையல் தையலாகக் காட்டினான். ஒரு மணி நேரம் ஆனது. நான் "ம்" கொட்டிக்கொண்டு ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது உங்களுக்குக் காணும் ரீச்சர், போதும். நல்ல அமைதியான சாமான்."

"அது?"

"அது வேற ஆக்களுக்கு."

நண்டுக் கறியும் சோறும் அன்று மத்தியானம். அவன் மனைவி நஸ்ரின் என் பக்கத்தில் உட்கார்ந்து நண்டுக் காலை உடைத்து உடைத்து என் தட்டில் வைத்தாள். "ரீச்சருக்குப் பயமில்லையோ?" என்று கேட்டாள். "எனக்கெண்டால் கூரையில ஏறினாலே தலை சுத்தும்." என் கையைப் பிடித்துப் பார்த்து, இந்தக் கையா கயிறு இழுக்கிறது என்று ஆச்சரியப்பட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரிஸ்வானிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்குக் குடை விற்றாலும் முதலில் நிறுப்பான். அதுவும் வீட்டுத் தராசில் இல்லை. "வீட்டுத் தராசு ஆளின்ட முகத்தைப் பாத்துச் சொல்லும்" என்பான். கீரிக் கரையில் மீன் நிறுக்கிற தராசில், பையையும் மாட்டிக்கொண்டு ஏறி நிற்க வேண்டும். அங்கே விற்கிறவனும் வாங்குகிறவனும் இரண்டு பக்கமும் நின்று முள்ளை முறைத்துக்கொண்டிருப்பதால் அது பொய் சொல்லாதாம்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, மழை விட்டிருந்தது. படகுகள் வந்து கரையெல்லாம் சத்தம். பாரை, சூரை, கூடை கூடையாக நண்டு. சூசையும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். முதுகில் பாராசூட்டோடு நான் வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் ஒரு கூடை திருக்கை.

"சூசை அண்ணே, உது என்ன மீன்?" என்றார் தராசுக்காரர்.

"திருச்சி மீன். கவனமா நிறு, இவ ரீச்சர்."

கரையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ஏறினேன். எழுபத்தெட்டு கிலோ. வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. "மூச்சுப் பிடிச்சாலும் அதேதான் ரீச்சர்" என்றான் ரிஸ்வான்.

கணக்கு எளிது. உடம்பும் சாமானும் சேர்ந்த எடையைப் பவுண்டில் எடுத்து, குடையின் சதுர அடியால் வகுக்க வேண்டும். புதியவருக்கு விடை ஒன்றைத் தாண்டக் கூடாது. எழுபத்தெட்டு கிலோ நூற்றெழுபத்திரண்டு பவுண்டு. நீலத்துக்கு ஒன்றுக்குக் குறைவு. ஆரஞ்சுக்கு ஒன்றைத் தாண்டிவிடும். நான் மனதில் போடுவதற்குள் அவன் போட்டுவிட்டான்.

"நீலம்தான் ரீச்சர்."

"ஆரஞ்சு எனக்கு ஏன் ஆகாது?"

"நூறு தரத்துக்கு மேல குதிச்சிருந்தா யோசிக்கலாம். நீங்கள் எத்தினை தரம்?"

"நூற்றிருபது" என்றேன்.

வாய் கூசவில்லை. அதைத்தான் இன்றுவரை நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன். ஒருமுறை யோசித்து, தயங்கி, எச்சில் விழுங்கிச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறவனுக்கு இடத்தின் பெயர் சொல்வது போலச் சொன்னேன். பரீட்சைத்தாளில் எண்ணைத் திருத்திய பிள்ளைகளை வகுப்பு முன்னால் எழுந்து நிற்க வைத்தவள் நான்.

"புத்தகம் கொண்டு வந்தனீங்களோ?" குதிக்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு குதிப்பையும் எழுதி வைக்கிற புத்தகம் ஒன்று உண்டு. அது என் கைப்பையில், இடுப்பை இடித்துக்கொண்டு இருந்தது.

"அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான். "சரி, ரீச்சர் சொல்லுறியள்" என்றான். "ஆனா எனக்கு மனசு நீலத்தில்தான் நிக்குது. பை சின்னன் எண்டு யோசிக்காதீங்கோ, பையை மாத்தலாம்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா ரிஸ்வான்? நூற்றிருபது தடவை குதிச்சவ. என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

 நூறு தாண்டியவருக்கு இல்லையென்று சொல்ல அவனுக்கு நியாயம் கிடையாது. கொட்டகைக்குத் திரும்பி, ஆரஞ்சை என் பையோடு பூட்டித் தந்தான். காற்று குறைந்த நேரம் மட்டும் குதிக்க வேண்டும், தரைக்குக் கிட்ட வந்து திருப்பவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "இறங்கின உடன எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ. அதுவரைக்கும் மனசு ஆறாது." நஸ்ரின் பனங்கட்டிப் பெட்டி ஒன்றைப் பையில் திணித்தாள். ஊர் திரும்புகிற வழியில் கட்டுக்கரைக் குளம் தளும்பி, கண்ணுக்கெட்டியவரை வயல் பச்சையாகக் கிடந்தது. நான் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஜனவரியில் மைதானத்தில் ஆரஞ்சைப் பார்த்துத் தலைமைப் பயிற்சியாளர் புருவத்தைத் தூக்கினார். அயர்லாந்துக்காரர், வெடுக்கென்று பேசுவார். "உனக்கு இது சின்னது இல்லையா?"

"ரிஸ்வான் நிறுத்துப் பார்த்துத்தான் கொடுத்தான்."

"ரிஸ்வானா? சரி, அப்படியென்றால் போ." என்னுடைய முப்பத்தொன்று அவருக்குத் தெரியும். ரிஸ்வானுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பெயரைக் கேட்டு விட்டுவிட்டார்.

மேலே எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆரஞ்சு விரிந்ததும் நான் ஆனந்தத்தில் கத்தினேன். பிறகு தரை வந்தது. வாடகைக் குடையில் அது மெல்ல மேலே வரும், இது பாய்ந்து வந்தது. எதிரில் வேலி மாதிரி ஏதோ தெரிய, பயந்து ஒரு கயிற்றை இழுத்துத் திருப்பினேன். கூடாது கூடாது என்று அவன் சொன்னதையேதான் செய்தேன். வலது கணுக்கால் இரண்டு இடத்தில் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு அந்த அயர்லாந்துக்காரர் வந்தார். கட்டிலருகே நின்றபடியே கேட்டார். "எத்தனை முறை குதித்ததாக அவனிடம் சொன்னாய்?"

காலில் வலி, தலையில் மருந்து மயக்கம் என்று எனக்கே எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மை என்னவென்றால், எனக்கு வெட்கமாக இருந்தது. இவர் முகத்தில் இனி விழிக்க வேண்டும், அந்த மைதானத்துக்கு மறுபடி போக வேண்டும்.

"முப்பத்தொன்று என்றுதான் சொன்னேன்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போனார்.

ரிஸ்வானிடமிருந்து செய்தி வந்தது. "ரீச்சர், கால் எப்பிடி? துஆ செய்யிறம்." அவ்வளவுதான். எனக்கு நிம்மதியாகப் போயிற்று, பாவி. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். ஊன்றுகோலோடு வகுப்புக்குப் போய், ஊன்றுகோல் இல்லாமல் நடந்து, ஜூன் மாதம் மைதானத்துக்குப் போனபோது எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். பேச்சோடு பேச்சாக ஒருத்தி தன் கிழிந்த குடையைப் போலந்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னாள்.

"மன்னாருக்கு அனுப்பலையா?"

"உனக்கு அப்படிச் செய்தவனுக்கா? இங்கிருந்து இப்போது ஒருத்தரும் அனுப்புவதில்லை." என் கையை வேறு தட்டிக் கொடுத்தாள்.

 அங்கேயே அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. முதலில் அவனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு, இன்னும் இரண்டு மாதம் கடத்தினேன். ஆகஸ்ட் விடுமுறையில் போனேன்.

ஆகஸ்டில் மன்னார் வேறு ஊர். மழை கிடையாது, காற்றுத்தான். பனையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்க, மண் பறந்து பல்லில் நெறுநெறுத்தது. கழுதைகள் மதில் ஓரமாக ஒதுங்கியிருந்தன. சூசை என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுவிட்டார். நொண்டலைப் பார்த்தார். "என்ன ரீச்சர், கால்?"

"விழுந்துட்டேன்."

"எங்க, படியிலயோ?"

"இல்ல. மேலேருந்து."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பாதி வழியில் காற்று வண்டியின் கூரைத் துணியைப் பிடித்து உலுக்கியது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "பயப்பிடாதீங்கோ, கிழியாது" என்றார். "போன மாசம் ரிஸ்வான் தைச்சுத் தந்தவன். இப்ப அவனுக்கு ஓட்டோ வேலைதான் கூட. எங்கட ஸ்டாண்டில முழுக்க அவன்ட கைதான்." நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார்.

கொட்டகையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பட்டங்கள் கிடந்தன. ஓட்டோவுக்கான கறுப்பு ரெக்சின் சுருள் சுருளாகச் சாத்தியிருந்தது. பாராசூட் பார்சல் ஒன்றுகூட இல்லை. ரிஸ்வான் எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "வாங்கோ, இருங்கோ ரீச்சர். காலை நீட்டி இருங்கோ." என் பெட்டியைத் தானே வாங்கி வைத்தான்.

நஸ்ரின் தேத்தண்ணி கொண்டுவந்தாள். இம்முறை பக்கத்தில் உட்காரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவன் காற்றைப் பற்றி, பிளேனைப் பற்றி, திருச்சியில் என் தங்கையைப் பற்றியெல்லாம் விசாரித்தான். நான் என்னென்னவோ பதில் சொன்னேன். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் சுடச்சுடத் தேத்தண்ணியைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

"இவர் ஒண்டும் கேக்கமாட்டார்" என்றாள் நஸ்ரின். "நான் கேக்கிறன். நீங்கள் இவரிட்ட எத்தினை எண்டு சொன்னனீங்கள்?"

"நஸ்ரின்" என்றான் அவன்.

"நூற்றிருபது" என்றேன். "முப்பத்தொண்ணுதான் குதிச்சிருந்தேன். ஆஸ்பத்திரியில கேட்டப்ப, இவர்கிட்ட முப்பத்தொண்ணுன்னு சொன்னதாச் சொல்லிட்டேன். இவர் பேர்ல தப்பே இல்ல. எல்லாம் நான் பண்ணினது."

எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த பேச்சு. மூன்று வரியில் முடிந்துபோனது. நஸ்ரின் அழுகிறாளா கோபமா என்று தெரியவில்லை. ரிஸ்வான் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினான்.

"தெரியும் ரீச்சர்" என்றான். "அந்த அயர்லாந்துக்காரர் எனக்கு எழுதினவர். முப்பத்தொண்டு தரம் குதிச்ச ஆளுக்கு நூத்தைம்பதைக் குடுத்தனீயோ, உன்னை நம்பி அவவைக் குதிக்க விட்டன் எண்டு."

"அப்ப நீங்க ஏன் சொல்லல? நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்கலாமே!"

"எப்பிடி எழுதுறது?" நிஜமாகவே என்னைக் கேட்பது போலக் கேட்டான். "நீங்கள் ஆஸ்பத்திரியில கால் முறிஞ்சு கிடக்கிறியள். அந்த நேரம் ரீச்சர் பொய் சொன்னவ எண்டு எழுதுறதோ? சுகமான பிறகு நீங்களே சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

ஏழு மாதம். தினமும் காலையில் போனை எடுத்துப் பார்த்திருப்பான். நான் அந்த ஏழு மாதமும் கால் வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் அழுது தொலைத்திருப்பேன். ஒன்றும் இல்லாமல், "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றான்.

"இப்பவே எழுதுறேன்" என்றேன்.

குதிக்கிறவர்கள் எல்லாரும் இருக்கிற குழு ஒன்று போனில் உண்டு, இருநூறு பேருக்கு மேல். ஆங்கிலத்தில் எழுதினேன். நூற்றிருபது என்று பொய் சொல்லித்தான் இந்தக் குடையை வாங்கினேன், அவர் இரண்டு முறை மறுத்தார், ஆஸ்பத்திரியிலும் பொய் சொன்னேன், உங்கள் வேலையை எல்லாம் அவருக்குத் திரும்ப அனுப்புங்கள், அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. வாசித்துக் காட்டினேன். நஸ்ரினுக்காகத் தமிழிலும் சொன்னேன். ரிஸ்வான் "உங்களைப் பற்றி இவ்வளவு எழுதத் தேவையில்லை" என்றான். "இருக்கட்டும்" என்றாள் நஸ்ரின். அனுப்பினேன்.

நஸ்ரின் உள்ளே போய்ப் புட்டும் சம்பலும் கொண்டுவந்தாள். இப்போது உட்கார்ந்தாள், ஆனால் கதவுக்குப் பக்கத்தில். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. என் கையெல்லாம் சம்பல். "பாருங்களேன்" என்று போனை ரிஸ்வான் பக்கம் தள்ளினேன். ஒன்பது வருடம் அவர்களோடு இருந்தவன், அவர்களுடைய ஆங்கிலம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொன்னான்.

"இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும் எண்டு ஒருத்தர். நாங்களும் புதுசில இப்பிடித்தான் பொய் சொன்னனாங்கள் எண்டு இன்னொருத்தர், சிரிக்கிற படம் போட்டிருக்கு. இது அந்த அயர்லாந்துக்காரர், கெதியா, சுணங்காம வா, பெரிய குடை ஒண்டு எடுத்து வைக்கிறன் எண்டு எழுதியிருக்கிறார். இதில முழுக்க இதயம். இதிலயும் இதயம்."

விரலால் தள்ளித் தள்ளி மேலே போனான், கீழே வந்தான். கடைசிவரை வாசித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து ஒருமுறை பார்த்தான். அவன் எதைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. நஸ்ரினுக்கும் தெரிந்தது, அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பெயர் அந்தப் பதில்களில் ஒன்றில்கூட இல்லை.

போனைத் துடைத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நல்லது ரீச்சர்" என்றான். "உங்களை எல்லாரும் மன்னிச்சிட்டினம்."